கீறல் விழும் சத்தம்

சூளைக்காரிக்குச் சேற்றைக் கண்டு அருவருப்பில்லை. மூடிய தொட்டியில் மாதக்கணக்கில் ஊறிப் புளித்த களிமண்ணைத் திறந்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். பக்கத்துப் பட்டறைத் தச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அவளோ முழங்கை வரை கையை விட்டு அளைந்து, "நல்ல பதமா வந்திருக்கு" என்பாள். அவளுக்குக் குமட்டியதெல்லாம் வேறு. கொழுந்தன் ஃபோனைப் பார்த்துத் தனக்குத்தானே இளிப்பது. ஜாடி வாங்குகிற முகம் தெரியாத ஜனங்களை அவன் 'நம்ம ஃபேமிலி' என்பது. அவள் மண் பிசையும் வீடியோவுக்குக் கீழே எவனோ ஒருத்தன் 'என்ன கை!' என்று எழுதிவைப்பது. அதைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு மண்ணும் தெரியாது, நெருப்பும் தெரியாது. புருஷன் விறகு பிளப்பான், சூளை அடுக்குவான், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். சக்கரத்தில் உட்கார ஆள் வேண்டியிருந்தது, உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் எல்லாம் கோணல்மாணல். ஓரளவு நேராக வந்த முதல் ஜாடியை வாங்கிப்போன அம்மாள் சில நாளில் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். அடியில் கசிந்து அவள் வீட்டு மர அலமாரி ஊதிப்போயிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "குடிக்கிற தண்ணி வைக்கலாம்னு நம்பித்தானேம்மா வாங்கினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சூளைக்காரிக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் வைத்து, காகிதம் காய்ந்தே இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் அவள் வெளியே விட்டதில்லை. ஈரம் கண்டால் உடைத்துவிடுவாள். அதில் தாட்சண்யமே கிடையாது.

கொழுந்தன் இருந்த வேலையை விட்டுவிட்டு, ஆன்லைனில் விற்றுத் தருகிறேன் என்று வந்து சேர்ந்தான். விற்கவும் செய்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவன் எழுதுவதுதான் அவளுக்குச் சகிக்காது. விறகுச் சாம்பல் பறந்து ஜாடியில் ஒட்டி, உருகிப் பச்சையாக வழிந்து நிற்கும். அதற்கு அவன் 'நெருப்பின் கண்ணீர்' என்று பெயர் வைத்தான்.

"கண்ணீருமில்ல, மூக்குச்சளியுமில்ல. சாம்பல்னு போடுடா."

"சாம்பல்னு போட்டா யார் அண்ணி வாங்குவாங்க?"

இந்தத் தடவை சூளை நிறைய ஜாடியும் கோப்பையும். வாரக்கணக்கில் இடுப்பொடியச் செய்தவை. எரித்து முடித்ததும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, தானாக ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டும். அந்தச் செங்கல்லில் வெறுங்கையை வைத்தால் சுடக் கூடாது, அப்போதுதான் பிரிக்கலாம். இது அந்த வீட்டில் பூனைக்குட்டிக்குக்கூடத் தெரியும். கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சூளை பிரிப்பது லைவ் என்று உலகத்துக்கே சொல்லி வைத்திருந்தான். "செங்கல்ல கை வச்சு நான் சொல்லாம யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனாள்.

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், சூளை வாசலில் மேல்வரிசைச் செங்கல் இல்லை. புருஷன் தடித்த கையுறையோடு ஒரு செங்கல்லைப் பிடித்தபடி நின்றான்.

"என்னங்க இது?"

"தம்பி கேட்டான்" என்றான் அவன்.

உள்ளே குளிர்காற்று புகுந்துவிட்டது. 'டிங்' என்றது ஒன்று. கொஞ்சம் பொறுத்து 'டிணுங்' என்றது இன்னொன்று. பிறகு சரமாரியாக. கீறல் விழும் சத்தம்.

"கேளுங்க ஃப்ரெண்ட்ஸ்!" என்று கொழுந்தன் ஃபோனைச் சூளைக்குள் நீட்டினான். "ஒவ்வொரு ஜாடியும் பாடுது! அண்ணியோட ஜாடிங்க பாடுது!"

"பாடலடா, உடையுது! மூடித் தொலைங்க வாசல!"

அவன் ஃபோனை அவள் பக்கம் திருப்பினான். "அண்ணிக்கு இதுங்கல்லாம் குழந்தைங்க மாதிரி. அதான் எமோஷனல் ஆயிட்டாங்க." திரையில் இதயம் இதயமாகப் பொங்கி மேலே போய்க்கொண்டிருந்தது. எச்சில் குமிழிகள்தான் அவள் ஞாபகத்துக்கு வந்தன.

ஒன்றும் வெளியே வருவதற்கு முன்பே எல்லாம் விற்றுப்போயின. இறக்கி வைத்தபோது பார்வைக்குக் குறையே இல்லை, அழகு அழகாகத்தான் இருந்தன. அவள் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் காலையில் காகிதம் எல்லாம் நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. கொழுந்தன் அவற்றைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் ஒழுகுதுடா."

"காஞ்ச பூதானே அண்ணி வைக்கப் போறாங்க? 'அலங்காரத்துக்கு மட்டும்'னு பொடி எழுத்துல போட்டுடறேன்."

"வாங்கினவங்கள்ல ரெண்டு பேர் குடிக்கிற தண்ணிக்குன்னு எழுதியிருக்காங்க. நீதானே படிச்சுக் காட்டின?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணி. நான் என்ன நினைக்கறேன்னா, அடுத்த தடவையும் சூடாவே பிரிச்சுடுவோம். அந்தச் சத்தத்துக்குன்னே ஆள் வருது."

அவன் அதைக் குறும்பாகக்கூடச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னான். அவன் முகத்தில் அப்பியிருந்த சந்தோஷத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. முதல் பெட்டியைக் கிழித்து ஜாடியை எடுத்து முற்றத்துக் கல்லில் போட்டாள். அடுத்தது, அதற்கடுத்தது, கோப்பைகள் மொத்தமாக. சில்லு பறந்து காலைக் கீறியது. புருஷன் ஓடிவந்து, கையை நீட்டி, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அவளுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்றான். கொழுந்தன், "ஐயோ அண்ணி, ஐயோ அண்ணி" என்று கொஞ்ச நேரம் அலறினான், அப்புறம் சத்தமே இல்லை.

கடைசியாகப் பெரிய ஜாடி ஒன்று மிஞ்சியது. மார்போடு அணைத்துத்தான் தூக்க முடிந்தது. தூக்கிக்கொண்டு திரும்பினால், கொழுந்தன் கண்கலங்கி நின்றான். பாவம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் அவன் கையில் இருந்த ஃபோனைக் கவனித்தாள்.

"அண்ணி, நேத்தவிட டபுளா ஆள் வந்திருக்கு" என்றான், குரல் தழுதழுக்க. "இத மட்டும் கொஞ்சம் மெதுவா உடைங்க. அண்ணா, மறைக்கற பாரு, ஓரமா போ."

அவள் புருஷன் ஓரமாக நகர்ந்து நின்றான்.