இடது காலுக்கு வேலையில்லாத கார்

என் மனைவி கார் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு இதுதான். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். ஓட்டிக் காட்டச் சொன்னால்தான் வம்பு.

அவளுக்குக் கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை. மெக்கானிக் முடித்துக் கொடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய்வந்து, சரியாகிவிட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதனால் அங்கே அவளுக்கு ‘ரவுண்டு அக்கா’ என்றே பெயர். அவளைவிட மூத்தவரான முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். “முன்னாடி வலது சக்கரத்துல ஒரு முனகல் இருக்கு, இன்னொரு தடவை பாருங்க” என்று அவள் சாவியை மேசையில் வைத்தால் மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போகும்.

நாளெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவள் வீட்டில் சும்மா இருப்பாளா? மாட்டாள். எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. தாழ்வான கார், கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும், ஸ்டியரிங்கைத் திருப்பத் தோளில் பலம் வேண்டும். ரோட்டில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் என் முதுகெலும்பில் வந்து ஆஜர் கொடுத்துவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் அதில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே வளைவும் நெளிவுமாக இருக்கிற ரோட்டுக்குப் போவாள். ஒவ்வொரு வளைவுக்கும் கிளட்ச், கியர், பிரேக் என்று கையும் காலும் ஓயாது. முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“எதுக்குடி இந்தக் கூத்து? அங்க போய் என்ன வாங்கப் போறோம்?” என்பேன்.

“ஒண்ணும் வாங்கப் போறதில்ல. பயமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்க.”

மூடினால் இன்னும் பயமாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆயிற்று. தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் காரில் உட்காருவதென்றால் பள்ளத்தில் இறங்குவது மாதிரி. நடைப் பயிற்சிக்காக அப்பாவை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பழைய காரைக் கொடுத்துவிட்டு, உயரமான புதுக் கார் ஒன்றை வாங்கினோம். தேர்ந்தெடுத்ததும் அவள்தான். அப்பாவின் முழங்கால் உயரத்துக்கு எந்த வண்டியின் சீட் சரியாக வருகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து பார்த்தாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முணுமுணுப்பு ஓட்டத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

“இது காரே இல்லீங்க” என்றாள்.

“ஏன், என்ன குறை? குளுகுளுன்னு இருக்கு. சத்தமே இல்ல.”

“அதான் குறை. ஸ்டியரிங்கைத் திருப்பினா ஃபேன் ரெகுலேட்டரைத் திருகுற மாதிரி இருக்கு. ரோடு ஈரமா, காஞ்சதான்னு கைக்கு ஒண்ணும் தெரியல. ஆக்சிலரேட்டரை மிதிச்சா மேலதிகாரிக்கு மனு போட்ட மாதிரி. படிச்சுப் பாத்து, யோசிச்சு, அப்புறமா அனுமதி குடுக்குது. ரோட்டுல போட்டிருக்கிற கோட்டை லேசா தொட்டா கீங் கீங்னு கத்துது. கியரையும் அதுவே மாத்திக்குது. அப்ப நான் எதுக்கு?”

“நீயும் என்னை மாதிரி உக்காந்து திட்டு” என்றேன்.

ஆனால் அநியாயமாகப் பேசுகிறவள் இல்லை. இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள்: “செஞ்சவங்களைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. ஆபீஸ் போயிட்டு வர்றவங்களுக்கு, பிள்ளைய ஸ்கூல்ல விடறவங்களுக்கு அலுங்காம குலுங்காம போனா போதும். முக்காவாசிப் பேர் இதைத்தான் கேக்கறாங்க. என்னை மாதிரி ஒருத்திக்காகவா கார் செய்வாங்க?”

அந்த வாரமே அது நடந்தது. பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா பின் சீட்டில். நான் வழக்கம்போல் பக்கத்தில். அவள் கண் ரோட்டில்தான் இருந்தது, ஆனால் முகம் நீளமான வரிசையில் நிற்கிறவர்களின் முகமாக இருந்தது. முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. பழைய காராக இருந்தால் அந்த இடத்தில் கிளட்சை மிதித்துக் கியரைக் குறைப்பாள். இத்தனை நாள் சும்மா கிடந்த இடது கால் தன் வேலையைத் தேடிக் கிளம்பிவிட்டது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் காரில் அகலமான பிரேக் நீட்டிக்கொண்டிருக்கிறது. கிளட்சை மிதிப்பதுபோல் அதை அடிவரை ஒரே மிதி.

கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. பெல்ட் போட்டிருந்தும் அப்பா முன்னால் சரிந்து, “ஐயோ!” என்று அலறினார். அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்லவேளை, எதுவும் நகரவில்லை. எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளுக்கு வரவில்லை.

“இனிமே நீங்களே ஓட்டுங்க” என்று சாவியை என் கையில் வைத்தாள். மறுநாள் பட்டறையிலும் ரவுண்டு போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே பில் போட உட்கார்ந்துகொண்டாளாம். முதலாளி எனக்குப் போன் போட்டு, “என்னங்க ஆச்சு எங்க ரவுண்டு அக்காவுக்கு?” என்று கேட்டார்.

“பட்டறையில எத்தனையோ ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுறியே, அங்கெல்லாம் இப்படி ஆகலையே?” என்று அவளிடம் கேட்டேன்.

“அங்க காதும் கையும் கோளாறைத் தேடிக்கிட்டே இருக்கும். இதுல தேட ஒண்ணுமே இல்ல. மனசு எங்கேயோ போயிடுச்சு. மாமாவுக்கு மறுபடி இடுப்பு ஒடைஞ்சிருந்தா என்னங்க பண்ணியிருப்பேன்?” என்று சொல்லி விசும்பி விசும்பி அழுதாள். எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கார்மேல் என்று வைத்துக்கொண்டேன். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், அதைப் போய் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சாவி என் கையில் இருந்தது. அப்பா வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

“யாரு ஓட்டுறா?”

“நான்தாம்பா.”

“அப்ப நான் நடந்தே வர்றேன்” என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “அம்மாடி, வாம்மா, நேரமாகுது.”

“என்னை விட்டுருங்க மாமா. அன்னிக்கு நீங்க கத்தினது இன்னும் என் காதுலயே இருக்கு.”

“வலிச்சுது, கத்தினேன். இவன் ஓட்டினா வலிக்கறதுக்கு முன்னாடியே கத்தணும். நீ வராம நான் ஏற மாட்டேன்.”

அவள் வந்து என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். இடது காலில் இருந்த செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டாள். “வெறுங்காலா இருந்தா எதுமேல இருக்குன்னு அதுக்கே தெரியும்” என்று சொல்லி, அந்தக் காலைப் பெடல்களுக்கு இடப்பக்கம் இருக்கிற பலகைமேல் அழுத்தி வைத்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியை அப்பாவின் தலை தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

“எதுக்கு அது?” என்றேன்.

“இந்த வண்டி எனக்கு ஒண்ணும் சொல்லாது. மாமா தலை சொல்லும். அது ஆடக் கூடாது.”

வழியெல்லாம் ரோட்டைப் பார்ப்பாள், கண்ணாடியை ஒரு நொடி பார்ப்பாள், மறுபடி ரோடு. பிரேக்கை எப்போது தொட்டாள், எப்போது விட்டாள் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வேகத்தடை வந்தது. இடது கால் விரல்கள் மடங்கிப் பலகையைப் பிடித்துக்கொண்டன, கால் எழவில்லை. தடையில் ஏறி இறங்கினோம். அவள் முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரகாசம் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். அப்பா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகத் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

“என்னம்மா, இன்னும் கிளம்பலையா?” என்றார்.

அவள் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புதான் என்று முதலில் நினைத்தேன்.

“வந்து சேந்துட்டோம் மாமா” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும்தான் கண் கலங்கியது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

இறங்கியபோதுதான் இடது செருப்பு வீட்டு வாசலிலேயே கிடப்பது அவளுக்கு நினைவு வந்தது. ஒற்றைச் செருப்போடு அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.