வெள்ளைக் குட்டி வரும் என்று சொன்னவர்

கம்பம் ஊரிலிருந்து ஜமீலாவின் தம்பி அழைத்தபோது நான் எலிக்கூண்டுகளில் உமி மாற்றிக்கொண்டிருந்தேன். "அக்கா மவுத்தாயிட்டாக, செல்வி டீச்சர்" என்றார். சாவுச் செய்தியைக் கேட்டு, கையில் உமியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விலங்கியல் துறையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. அவரை அறிந்த கல்லூரி நண்பர்களே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனால் அந்தப் பழுப்புக் குட்டிகள் வழக்கை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவள் நான்தான். அழ வேண்டியதை அழுதுவிட்டேன். இதை நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன்.

எலியின் ரோம நிறம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் போகிறது என்பதுதான் ஜமீலாவின் முனைவர் பட்ட ஆய்வு. காலங்காலமாகக் கறுப்பே ஈன்ற வம்சத்துப் பெண் எலியை ஒரு வெள்ளை ஆணோடு சோடி சேர்த்தார். பிறந்த குட்டிகள் அத்தனையும் பழுப்பு! கல்லூரிக்குப் பின்னால் ஏலக்காய்க் கிடங்கு. துறைத் தலைவர் அங்கே பொறி வைத்து ஓர் எலியைப் பிடித்துவந்து குட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் அதே நிறம். போதாக்குறைக்குக் கூண்டு வலையில் ஓர் ஓட்டை. "கிடங்கு எலி உள்ள பூந்திருக்கும்மா. எல்லாத்தையும் காலி பண்ணு" என்றார். காலி பண்ணினால் வருடக்கணக்கான உழைப்பும் போச்சு, பட்டமும் போச்சு.

ஜமீலாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். "இதுகளுக்கு அப்பன் வெள்ளைதான் சார். வெள்ளை எலிக்குள்ளயும் பழுப்பு இருக்கு, சாயம் இல்லாததால தெரியல. கறுப்பு ஆத்தாகிட்டருந்து சாயம் கெடச்சதும் வெளிய வந்துருச்சு." தலைவர் சிரித்தார். உடனே சவால் விட்டார் ஜமீலா: பழுப்புக் குட்டிகள் வளர்ந்ததும் அவற்றையே சோடி சேர்ப்பேன். அப்பன் கிடங்கு எலியென்றால் பேரக்குட்டிகள் பழுப்பாகவோ கறுப்பாகவோதான் வரும். வெள்ளை வந்தால், அது வெள்ளைத் தாத்தா கொடுத்தது.

அவரைத் தனியே இழுத்துக் கேட்டேன், வெள்ளை வராவிட்டால்? "பாத்துட்டு யார் வேணாலும் சொல்லலாம், செல்வி. சொல்லிட்டுப் பாக்கணும்" என்றார்.

அந்தச் சில மாதங்களும் கிடங்கு எலிக்கும் அவரே தீனி போட்டார். வழக்கு முடியும்வரை சாட்சியை விடக்கூடாதாம்.

பேரக்குட்டிகள் பிறந்த காலையில், ரோமம் முளைக்கட்டும், பார்ப்போம் என்றார் தலைவர். ஜமீலா காத்திருக்கவில்லை. பிறந்த குட்டியின் மூடிய இமைக்கடியில் கண் ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரியும். வெள்ளைக் குட்டிக்கு மட்டும் தெரியாது. குட்டிகளை மூடியிருந்த பஞ்சை விலக்கி, "இங்கன பாரு" என்றார். பொட்டில்லாமல் மூன்று! நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் துறையே ஓடிவந்தது. சில நாட்களில் மூன்றுக்கும் பாலாடை நிறத்தில் ரோமம் வந்தது. தலைவர் கிடங்கு எலியைத் தானே எடுத்துப்போய்ப் பின்வாசலில் திறந்துவிட்டு, "போய்யா, உம்மேல குத்தமில்ல" என்றார். பிறகு ஜமீலாவைப் பார்த்துக் கைகூப்பினார். நம் ஜமீலா டாக்டர் ஜமீலா ஆனது இப்படித்தான்.

நல்லடக்கம் முடிந்த மறுநாள் ஆய்வகம் போனேன். அந்த வம்சத்துப் பழுப்பு எலி ஒன்று ஈன்றிருந்தது. மாணவிகள் பஞ்சை விலக்கப் போனார்கள், தடுத்தேன். "வெள்ளையும் இருக்கும்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். ஜமீலாவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தத் துணிச்சல் ஒன்றுதான்.

பிறகு பஞ்சை விலக்கினோம். பொட்டில்லாத குட்டி ஒன்று நடுவில் நெளிந்துகொண்டிருந்தது.