அம்மா கடைசிவரை நம்பாத நிரந்தர வேலை

எங்கள் அம்மா பிறந்தது ராசிங்காபுரம், வாழ்க்கைப்பட்டது சிலமலை, உழைத்ததெல்லாம் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டங்களில். அப்பா காலமான பின் தினமும் ஜீப்பில் மலையேறித்தான் என்னை பி.எட். வரை படிக்க வைத்தார். தோட்ட வேலைக்குப் போவதை எங்கள் ஊரில் "மேல போறது" என்போம். அம்மாவுக்கு அந்தச் சொல்லில் வேறு அர்த்தம் கிடையாது.

அம்மாவின் குணங்களில் சந்தேகத்தை விட்டுவிட்டு எழுதினால் அது அம்மாவே அல்ல. தோட்டத்தில் காய் எடை போடும் ஆளை நம்ப மாட்டார். டாக்டரை நம்ப மாட்டார். சிரித்துப் பேசுகிறவரை அறவே நம்ப மாட்டார்.

நான் தற்காலிக ஆசிரியையாக இருந்த காலம். கோடை விடுமுறை வந்தால் வேலை போய்விடும், பள்ளி திறந்தால் மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். தகுதித் தேர்வில் தேறிவிட்டு, நிரந்தர இடத்துக்கான நியமனத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது தூரத்து உறவினர் ஒருவர் வந்தார்.

"மேல பேசியாச்சுக்கா. பாப்பாவுக்கு வேலை உறுதி. வெரசா ஒரு முடிவச் சொல்லுங்க."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மேலயா? நான் மேல போயி இடுப்பொடிஞ்சது பத்தாதா? எம்மக ஏலக்கா எடுக்கவா இம்புட்டுப் படிச்சா? எந்திரிச்சுப் போப்பா!"

அவர் சொன்னது பெரிய அதிகாரிகளை என்று பிறகு விளக்கினேன். அம்மாவின் சந்தேகம் கூடித்தான் போனது. "ஆபீசருகளத் தெரிஞ்சவன் நம்ம வீட்டுல வந்து எதுக்கு ஒக்காந்துருக்கான்?"

தேர்வு எழுதித் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அம்மாவும் வந்து, "ஒரிஜினல ஒருத்தன் கையிலயும் குடுத்துறாத ஆத்தா" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கலந்தாய்வில் போடிக்குப் பக்கத்திலேயே பள்ளி கிடைத்தது. "இம்புட்டுப் பக்கத்துல சும்மாவா குடுப்பாக?" என்று அதற்கும் ஒரு கேள்வி.

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களிலும் சிலர், "எவ்வளவு குடுத்தீக?" என்று அம்மாவிடமே கேட்டீர்கள். ஊரையே சந்தேகப்பட்ட அம்மா, பிறர் தன் மகளைச் சந்தேகப்பட்டதை மட்டும் பொறுக்கவில்லை. அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கும் அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அம்மா நோயில் விழுந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் ஜீப்பில் வேறு ஆளை ஏற்றிவிடும் வேலையைத்தான் அம்மா அறிவார்.

"எவளோ ஒன் வகுப்பப் பாக்குறாளாம்ல? அவளையே வச்சுக்கிட்டா என்ன செய்வ?"

"நிரந்தரம்மா. எடுக்க மாட்டாங்க."

"சொல்லுவாக. நீ போ."

கடைசி நாள் காலையிலும் அதே பிடிவாதம். அவர் மனம் அடங்கட்டும் என்று பள்ளிக்குப் போனேன். முதல் பாடவேளை முடிவதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

என் வகுப்பைப் பார்த்துக்கொண்ட சக ஆசிரியைகளுக்கும், மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று காலை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தோட்டத்து அத்தைமாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு விடுப்பு மீதம் இருந்தது. நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள்.