மூத்தாள் பெட்டி

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. அந்த மதியம் என்னோடு இருந்த ருக்ஷானா அக்கா இன்றுவரை அந்த எடிட்டிங் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எனக்கு அது போதும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டராக இருந்தேன். எடுக்கும் வீடியோவெல்லாம் இரண்டு சேமிப்புப் பெட்டிகளுக்குப் போகும். நெட்வொர்க்கில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர். ஒன்று படுத்துவிட்டால், அதன் முகவரியை மற்றது எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். எதனோடு பேசுகிறோம் என்று நம் கணினிக்குத் தெரியவே தெரியாது.

முதல் பெட்டியை வாங்கி வைத்தவர் முதலாளி சர்புதீன் பாயின் மனைவி சபா அக்கா. பாய் இரண்டாவதைத் தூக்கி வந்தபோது, "எம் பொட்டிக்கு சக்களத்தி கொண்டாந்துக்கிறீங்களா?" என்று கேட்டார். பாதி சிரிப்பு, பாதி நிஜம். 'மூத்தாள்', 'இளையாள்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். அடுத்த வருடம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

பாய் ருக்ஷானா அக்காவை நிக்காஹ் செய்தது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த மார்கழியில். கேமரா கார்டுகளை வேறு கல்யாணத்துக்காக அழித்துவிட்டோம். அந்த வீடியோ பெட்டிகளில் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் திருக்கோவிலூரிலிருந்து அக்காவின் வீட்டார் அதைப் பார்க்க வருவதாக இருந்தது.

அதற்கு முந்தின நாள் சாலை மறியல். வெள்ளிமலைக்கு பஸ் இல்லை, நான் ஊருக்குப் போகமுடியவில்லை. பாய் தியாகதுருகத்தில் மாட்டிக்கொண்டார். ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு ருஷ்ய நாவலின் தமிழாக்கத்தில் பனிக்குள் போய்க்கொண்டிருந்தேன். ருக்ஷானா அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"தம்பி, எம் மூஞ்சி எப்டி வந்துக்குது? காட்டேன்."

போட்டேன். மணி 2.10. அக்காவின் முகம் வரும் இடத்தில் படம் நின்றது. பெட்டிகளைக் கண்காணிக்கும் திரையைத் திறந்தேன்; இணைப்பு இளையாளை விட்டு மூத்தாளுக்குத் தாவியிருந்தது. திருப்பி மாற்றினேன். அதே முகம்... மறுபடியும் மூத்தாள்.

"அதுக்கு என்னப் புடிக்கல போலக்குது."

அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாய்க்கு போன் போட்டேன்.

"மூத்தாள் ஒயரப் புடுங்கிடுடா. இன்னொன்னு பாத்துக்கும்."

பிடுங்கினேன். கரண்டு ஒயரையும்.

ர்ர்ர்ர்... மூத்தாளின் ஃபேன் நிற்கவில்லை.

கண்காணிப்புத் திரையில்: இணைப்பு — மூத்தாள்.

படம் தானாக ஓடியது.

மாப்பிள்ளை பாய்தான். ரொம்பச் சின்ன வயசுப் பாய்.

மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டுகிறார்கள்.

அவள் தலையைத் தூக்கினாள்...

சபா அக்கா.

"நிறுத்து தம்பி!"

நிற்கவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

அங்கே ருக்ஷானா அக்கா நின்றிருந்தார்.

பாய் வந்து தேடியபோது ருக்ஷானா அக்கா இருக்கும் ஒரு காட்சிகூட மிஞ்சவில்லை. இரண்டு பெட்டியிலும். அந்த இன்னொரு நிக்காஹ் மட்டும் முழுசாக இருந்தது. பழைய கேசட்டிலிருந்து யாரோ ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, சபா அக்காவின் அம்மா காசிம் பீவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எப்டிப்பா? நிக்காஹ் அன்னிக்கி எம் வூட்டுக்காரரு, அவ அத்தா, வூட்டுக்குள்ள கேமராவே வுடலியே. ஒரு போட்டோகூடக் கெடையாது. அத சொல்லி சொல்லித்தான் அழுதுகினு கெடந்தா."