கார்கோ கடையில் பக்கம் மாறிய சண்டை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கார்கோ கடையில் நெடுங்காலம் பில் போட்டவன் நான். இங்கிருந்து மிளகாய்த்தூளும் பலகாரமும் வெளிநாடு போகும். அங்கிருந்து "இன்னும் வரேல்லை" என்று ஃபோன் வரும். எங்கள் மனேச்சர் வசந்தி மிஸ் எப்படி ஆட்களை வைத்து வேலை வாங்கினார் என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். நான் இந்த ஒரு கதையைத்தான் சொல்வேன்.

கவுண்டரில் யோகம் அக்கா. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். பார்சல் கட்டும் பக்கிங்கில் நவாஸ் நானா. எதைக் கொண்டுவந்தாலும் "ஏலா", முடியாது என்பார். நடுவில் என் மேசை. சண்டையில் இருவரின் எச்சிலும் என் பில் புத்தகத்தில்தான் விழும்.

ஒருநாள் மத்தியானம் ஓர் அம்மா பொலித்தீன் பையோடு வந்தார். லண்டனில் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கத் தானே வறுத்து இடித்த சரக்குத் தூள் பைக்குள் இருந்தது.

"நான்தான் போகேலாமல் போச்சு, தம்பி. இதாவது போகட்டும்" என்றார்.

"இண்டைக்கு எயார்போட் போற நாலு மணி வானிலயே ஏத்திவிடுறம், அம்மா" என்றார் யோகம் அக்கா.

"ஏலா" என்றார் நானா. "தூள் சாமான் டின்னுல போட்டு சீல் பண்ணித்தான் போகணும். டின் முடிஞ்சி. அடுத்த கிழமை பார்ப்போம்."

"அடுத்த கிழமை போய், அது எப்ப சேர்றது? பிள்ளை நடக்கத் தொடங்கின பிறகோ?"

சண்டை பக்கத்து நகைக்கடை வரை கேட்டது. வசந்தி மிஸ் உள்ளே இருந்து வந்தார்.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. நானா, நீங்கள் அக்கான்ர நியாயத்தைச் சொல்லுங்கோ. அக்கா, நீங்கள் நானான்ர நியாயத்தை. மற்ற ஆள் 'சரி' எண்டு சொல்லும்வரைக்கும் விடமாட்டன்."

நானா வேண்டாவெறுப்பாகத் தொடங்கினார். "அவசரமாம்."

"காணாது, இன்னும் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

நானாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "தாய் பக்கத்துல இல்ல மிஸ். குளிர் நாடு. அந்தப் புள்ள பச்சை உடம்போட பாணும் பட்டரும் திண்டுட்டுக் கிடக்குது. இந்தத் தூள்தான் அதுக்குத் தாய், உம்மா..." சொல்லச் சொல்ல அவர் குரலே தழுதழுத்தது.

அக்காவும் விடவில்லை. போன முறை மிளகாய்த்தூள் பை வெடித்து ஒரு கூறைச் சேலை பாழான கதையை எடுத்தார். மணவறையில் பொம்பிளை தும்ம, மாப்பிள்ளை தும்ம, ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுத் தும்ம, அவர் நடித்துக் காட்டியதில் வந்திருந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

"சரி" என்றார்கள் இருவரும்.

"இப்ப என்ன செய்வம்?" என்றார் மிஸ்.

"இன்டைக்கே அனுப்பணும்!" என்றார் நானா.

"விசர்க்கதை! டின் இல்லாமல் அனுப்பேலாது!" என்றார் அக்கா.

சண்டை முதலில் இருந்து தொடங்கியது. முன்னதைவிடச் சத்தமாக. நான் தலையில் கை வைத்தேன். மிஸ் மட்டும் அசையவில்லை.

"நல்லது. இண்டைக்கே போகவேணுமெண்டால் நானா டின் தேடுங்கோ. பத்திரமாப் போகவேணுமெண்டால் அக்கா பக் பண்ணுங்கோ."

நானா உள்ளே போனார். பிறகு தன் பிளேன்டீக்குச் சீனி வைத்திருந்த டின்னைக் கவிழ்த்துக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். அந்த டின்னை அதுவரை எவரையும் தொடவிட்டதில்லை. அக்கா அதில் தூளைப் போட்டு, மூடி, டேப் சுற்றினார். ரோல் முடியும்வரை சுற்றினார். வான் புறப்படும்போது பார்சலும் ஏறிவிட்டது.

சில நாள் கழித்து அந்த அம்மா ஓடிவந்து, ஃபோனில் மகள் அனுப்பிய வொயிஸ் மெசேஜைப் போட்டார். குழந்தை வீரிட்டது. மருமகன் சுத்தியலால் டின்னைத் தட்டுவது கேட்டது. "இதென்ன டின்னோ, ஷெல்லடிச்சாலும் உடையாத பங்கரோ?" என்று திட்டினார். டப்பென்று மூடி கழன்றது. பிறகு மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா, நீங்கள் வந்தமாதிரி மணக்குது."

அம்மா அதை இன்னொருமுறை போட்டார். பிறகு நானா மெல்லச் சொன்னார், "அக்காட டேப் இல்லாட்டி இது போய்ச் சேராது."

"சும்மா இருங்கோ. உங்கட டின்தான் காப்பாத்தினது."

"இல்ல, டேப்தான்!"

"நான் சொல்லுறன், டின்!"

சத்தம் மறுபடி நகைக்கடை வரை போனது. வசந்தி மிஸ் எட்டிப் பார்த்தார். இந்தச் சண்டையைத் தீர்க்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.