மூலையில் கயிறு பிடித்தவன்

தூத்துக்குடி திரேஸ்புரத்துத் தொம்மை சங்கு குளிக்கிறவர். மூச்சடக்கிக் கடலடிக்குப் போகிற மனிதருக்கு உயிர் இடுப்பில் கட்டிய கயிற்றில் இருக்கிறது. மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பி சம்மதிப்பான்?

தொம்மையின் கயிறு பெண்டாட்டி ரோஸின் தம்பி லாசர் கையில் இருந்தது. போன வருஷம் ஒருநாள் இழுக்கச் சொல்லிக் கீழிருந்து கயிற்றை ஆட்டினார். மேலே இழுக்கக் காணோம். மூக்கில் ரத்தம் வடிய அவரே கையைக் காலை அடித்து மேலே வந்து சேர்ந்தார். அன்றோடு மைத்துனனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வருகிற குளிப்புக்கு இசக்கியப்பன் என்கிற வெளியாளைப் பேசியும் வைத்துவிட்டார். ரோஸ் அழுதாள், சண்டை போட்டாள். மனிதர் மசியவில்லை.

அது எழுபத்தெட்டாம் வருஷம். கடல் கொந்தளிக்கிற மழைக்காலத்தில் சங்கு குளிக்கிறவர்கள் துறைமுகத்துக்குக் கூலிக்குப் போவார்கள். சப்பான் கப்பலுக்கு உப்பு ஏற்றும் கூட்டத்தில் தொம்மையும் இருந்தார், லாசரும் இருந்தான். மழை கொட்டியதும் வேலை நின்றது. நனைந்த உப்பை எவன் வாங்குவான்? கப்பல் சமையல்காரன் நல்ல மனசுக்காரன். எல்லாரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டுத் தேயிலைத்தண்ணி கொடுத்தான். அங்கே ஒரு பெட்டிக்குள் மனிதர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தூத்துக்குடிக்குத் தொலைக்காட்சி வராத காலம்; அது கப்பல்காரர்கள் நாடாவில் பதிந்து கொண்டுவந்த படம். சூடான தேயிலைத்தண்ணி காலில் கொட்டியதுகூடத் தொம்மைக்குத் தெரியவில்லை. ஜோடி மல்யுத்தம்: சப்பான்காரர் இரண்டு பேர், வெள்ளைக்காரர் இரண்டு பேர். ஜோடிக்கு ஒருவன்தான் மேடைக்கு உள்ளே சண்டை போடலாம். கூட்டாளி வெளியே, கம்பத்தில் கட்டிய துண்டுக் கயிற்றைப் பிடித்தபடி மூலையில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் வந்து கையைத் தொட்டால்தான் இவன் உள்ளே போகலாம்.

"கயிறு பிடிச்சு நிக்கது மச்சினன்லா" என்றார் தொம்மை, யாரும் கேட்காமலே. கூட்டமே தலையாட்டியது. வேறு யாராக இருக்க முடியும்?

உள்ளே மாட்டிய சப்பான்காரனை வெள்ளையர் மாறி மாறித் துவைத்தார்கள். அவன் ஊர்ந்து ஊர்ந்து மூலைக்கு வருவான். விரல் எட்டப் போகும். காலைப் பிடித்துத் திரும்ப இழுத்துவிடுவார்கள். பாவிகள்! ஆனால் தொம்மையின் கண் அடிபடுகிறவன் மேல் இல்லை, மூலையில் நின்றவன் முகத்தில் இருந்தது. வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, கயிற்றை விடவும் முடியாமல் உள்ளே பாயவும் முடியாமல் அவன் கதறினான். கயிறு பிடிக்கிறவன் முகம் இப்படியா இருக்கும்? இத்தனை வருஷம் குளித்தும் தொம்மை அதைப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்? அவர் தண்ணீருக்கடியில் அல்லவா இருந்தார்.

கடைசியில் கை தொட்டது. மூலைக்காரன் பாய்ந்தான், வெள்ளையன் ஒருவனை இடுப்போடு கட்டித் தூக்கி, தானும் வில்லாய்ப் பின்னால் வளைந்து, தரையில் சாய்த்து அமுக்கினான். ஆட்டம் முடிந்தது. அறையே கூச்சலிட்டது.

மூட்டைக் கணக்கு எழுத வந்திருந்த நாசரேத்து ஜெபசிங், சமையல்காரனிடம் இங்கிலீஷில் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, அவங்க ரெண்டு பேரும் சொந்தமே இல்லையாம். போன வருஷம் வரைக்கும் ஒருத்தன ஒருத்தன் அடிச்சு ரத்தம் பாத்த பகையாளியாம்."

பகையாளியை நோக்கியா அடிபட்டவன் அப்படிக் கையை நீட்டினான்? ஒரு வருஷமாகப் பார்க்காத மைத்துனன் பக்கம் தொம்மை திரும்பினார்.

"ஏலே லாசரு, இந்தக் குளிப்புக்கு நீயே கயித்தப் பிடி."

லாசர் ஓரடி பின்வாங்கினான். "மாட்டேன் அத்தான்."

"என்னலே சொல்லுத?"

"அன்னைக்கு நான் பராக்குப் பாக்கல. கயிறு ஆடுன ஆட்டத்துல நீங்க சாவப் போறியளோன்னு நெனச்சேன். கை வெறச்சுப் போச்சு, இழுக்க வரல. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

பொறுப்பில்லாதவன், தூங்குமூஞ்சி என்று ஊரெல்லாம் தொம்மை அவனை ஏசித் திரிந்திருந்தார். அவமானமாக இருந்தது.

"இசக்கியப்பனுக்குப் பயமே கிடையாதுல" என்றார். "நான் செத்தா அவனுக்கு என்ன? நீ பிடி. கை வெறச்சா அந்தச் சப்பான்காரன் மாதிரிக் கத்து. பக்கத்துல நிக்கவன் வந்து இழுக்கட்டும்."