அக்காவின் சிறுநீரகம் ஐஸில் இருந்த நேரம்

செருப்பு சிறுத்துவிட்டதென்று புதிது வாங்கினேன். அம்பகரத்தூரில் காரைக்கால் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதற்குள் அதுவும் இறுக்கியது. வீங்கியது பாதம் என்று புரிய ஒரு மழைக்காலம் ஆனது.

இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. போலகத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ஒன்றைத் தருவதாகச் சொல்லி, மெட்ராசுக்கு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

அறுவை முடிந்தது. குழாயில் ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை.

"உங்க ரத்தக்குழாயத் தயார் பண்ண நேரமாயிடுச்சுங்க. அதுவரைக்கும் அக்காவோட சிறுநீரகத்துல இருந்த ரத்தத்தக் கழுவி, குளிர்ந்த மருந்துநீர் ஏத்தி, ஐஸ்ல வெச்சிருந்தோம். குளிர்ல சீக்கிரம் கெடாது. ஆனா வேலையத் தொடங்க நாளாகலாம்" என்றார் டாக்டர்.

ஆக்கப் பொறுத்த எனக்கு ஆறப் பொறுக்கவில்லை. அந்தக் குழாயின் முனையில் கட்டிலோரம் தொங்கிய காலிப் பையையே பார்த்துக் கிடந்தேன். டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடர்ந்தது. அக்கா விலாவைக் கிழித்துக் கொடுத்தது வீணாகிவிடுமோ என்று பயந்தேன்.

அடுத்த வார்டில் படுத்திருந்த அக்கா, என் மனைவி செல்விக்கு உத்தரவு போட்டாள்: "குளுருல கெடந்த பொருளு செல்வி. வெதநெல்லுக்கு மூட்டம் போடுற மாரி சூடு குடுத்தாத்தான் மொளைக்கும்."

ஊறிய விதைநெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, வெக்கையில் முளைகட்ட வைக்கிற குடும்பம் எங்களுடையது. செல்வி என் கம்பளிக்குள் வெந்நீர்ப் பையைச் செருகினாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நர்ஸ் அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் எகிறியது. நிராகரிப்பு (புது உறுப்பை உடல் ஏற்க மறுப்பது) என்று பயந்து டாக்டர் ஓடி வந்தார். கடுமையான மருந்தொன்றை ஊசியில் ஏற்றப்போகும் நேரத்தில், செல்வி அழுதுகொண்டே வெந்நீர்ப் பையை வெளியே எடுத்தாள்.

"அக்காவோட சிறுநீரகம் இப்ப உங்க உடம்புச் சூட்டுலதாங்க இருக்கு! தனியா எதுக்குச் சூடு?" டாக்டர் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

இதைப் படிக்கும் யாராவது இதே நிலையில் இருந்தால் உங்களுக்கும் சொல்கிறேன்: டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

பிறகு ஒரு காலை, கட்டிலோரப் பையின் அடியில் மஞ்சளாக ஏதோ தேங்கியிருந்தது. "அண்ணி, வந்துடுச்சு!" என்று செல்வி அடுத்த வார்டுக்கு ஓடினாள்.

"நாந்தான் சொன்னேன்ல, சூடுதான்!" என்றாளாம் அக்கா.

ஐஸில் கிடந்த நேரத்தில் அந்தச் சிறுநீரகம் அவளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. இன்றும் சிறுநீர் சற்றுத் தாமதமானால் என் மனம் அங்கேதான் போய் நிற்கிறது. வீட்டுக்கு வந்தால் அக்கா என்னை நலம் விசாரிப்பதில்லை. அவள் தந்த சிறுநீரகம் இருக்கும் என் வலது அடிவயிற்றைப் பார்த்து, "என்னடி, ஒழுங்கா இருக்கியா?" என்கிறாள்.

"இருக்கேன்க்கா" என்று நான்தான் பதில் சொல்கிறேன்.